சந்தை வளர்த்த நகரம்

ஃபிராங்க்ஃபர்ட்டைப் பார்ப்பதற்கென்றே போகிறவர்கள் குறைவு. ஒரு வேலையாகப் போகிறவர்களே மிகுதி. பாரிசுக்கோ ரோமுக்கோ புறப்படுகிறவர் மனத்தில் அந்த ஊரின் படம் ஒன்று முன்கூட்டியே இருக்கும். ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு அப்படிப் படம் எதுவும் கிடையாது. பலருக்கு அது விமானம் மாறும் இடம், வங்கிகளின் ஊர், கண்காட்சி நடக்கும் ஊர், அவ்வளவுதான். ஜெர்மனியின் ஹெஸ்ஸன் மாநிலத்தில், மைன் நதியின் இரு கரையிலும் அமைந்த இந்நகரில் ஏழரை லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழ்கிறார்கள். மாநிலத்தின் மிகப் பெரிய நகரம் இதுதான் என்றாலும் தலைநகர் இதுவன்று. அந்தப் பெருமை பக்கத்து வீஸ்பாடனுக்கு. ஃபிராங்க் இனத்தார் ஆற்றை நடந்து கடந்த துறை என்பது பெயரின் பொருள். மயிலாடுதுறை, ஆடுதுறை என்று ஊர்ப்பெயர் பழகியவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. 794-இல் மன்னர் சார்லமேனின் ஆவணம் ஒன்றில்தான் இந்தப் பெயர் முதன்முதலாகக் காணப்படுகிறது.

தமிழ்நாட்டு வணிகர்களில் இந்நகரை நன்கறிந்தவர்கள் கரூர்க்காரர்கள். மேசை விரிப்பு, படுக்கை விரிப்பு, திரைச்சீலை, சமையலறைத் துண்டு என வீட்டு உபயோகத் துணிகளை ஏற்றுமதி செய்யும் அந்த ஊருக்கு, ஃபிராங்க்ஃபர்ட்டில் ஆண்டுதோறும் ஜனவரியில் நடக்கும் ‘ஹைம்டெக்ஸ்டில்’ கண்காட்சிதான் வணிக ஆண்டின் தொடக்கம். 1971-இல் தொடங்கிய இக்கண்காட்சி பெரும்பாலும் மாதத்தின் இரண்டாம் வாரத்தில் வருவதால் பொங்கலோடு மோதிக்கொள்ளும். 2025-இல் கண்காட்சி தொடங்கிய ஜனவரி 14-ஆம் நாளே தைப்பொங்கல். ஆகவே முதல்முறை போகிற ஏற்றுமதியாளர் பலர் இந்த நகரைப் பார்ப்பது அதன் மிக மோசமான பருவத்தில்: காலை எட்டேகாலுக்கு மேல் உதித்து மாலை ஐந்துக்கு முன் மறையும் சூரியன், அதுவும் மேகத்துக்குப் பின்னால், இலையுதிர்ந்த மரங்கள், பனியாகவும் இல்லாமல் மழையாகவும் இல்லாமல் ஒரு தூறல். நகரைச் சாம்பல் நிறமென்று அவர்கள் நினைத்தால் அதில் ஊரின் பங்கை விட மாதத்தின் பங்கே அதிகம்.

சென்னையிலிருந்து பின்னிரவில் புறப்படும் நேரடி விமானம் காலையில் இங்கே இறங்குகிறது. குளிர்காலத்தில் நேர வேறுபாடு நாலரை மணி. நகரின் தென்மேற்கில், மையத்திலிருந்து சுமார் 12 கிலோமீட்டரில் உள்ள விமான நிலையம் காட்டை ஒட்டியது. தரையிறங்கும்போது கண்ணில் படுவது கட்டடம் அல்ல, மரங்கள். இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை வழக்கமான விமானங்கள் ஏறவோ இறங்கவோ கூடாது என்ற தடை 2011 முதல் உள்ளது. ஐரோப்பாவின் மிகப் பெரிய விமான நிலையங்களில் ஒன்று அக்கம்பக்கத்தாரின் உறக்கத்துக்காக ஆறு மணி நேரம் அடங்கிக் கிடக்கிறது என்பது, இரவு முழுதும் விழித்திருக்கும் நிலையங்களைக் கடந்து வருபவருக்கு வியப்பாக இருக்கும். சுங்கத்தில் ஒரு எச்சரிக்கை: ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் பயணிகள் இறைச்சியும் பால் பொருள்களும் கொண்டுவரக் கூடாது. பருப்புப்பொடி தப்பும், நெய்ப் பாட்டில் தப்பாது.

முனையத்தின் அடியிலேயே ரயில் நிலையம். எஸ்-பான் எனப்படும் புறநகர் ரயில் கால் மணிக்குள் நகரின் தலைமை நிலையத்தில் கொண்டுபோய் விடுகிறது. புதியவர் முதலில் தடுமாறுவது இங்கேதான், ஏனென்றால் தடுக்க எதுவும் இல்லை. சீட்டைச் செருகினால் திறக்கும் கதவு கிடையாது, வாயிலில் பரிசோதகர் கிடையாது. நடைமேடைக்கு நேரே இறங்கி ரயிலில் ஏறிவிடலாம். இலவசமோ என்று எண்ணியவர், சாதாரண உடையில் இருக்கும் பரிசோதகர் கையை நீட்டும்போது 60 யூரோ கொடுக்கிறார். தெரியாது என்பது அங்கே பதிலாகாது. நகரத்தின் இயல்பு இந்த முதல் அரை மணியிலேயே வெளிப்பட்டுவிடுகிறது: யாரும் காவல் நிற்கமாட்டார்கள், விதி மட்டும் நிற்கும். கண்காட்சிக்குப் போகிறவர்களுக்கு ஒரு சலுகை உண்டு. பல கண்காட்சிகளின் நுழைவுச் சீட்டே அந்நாள்களில் நகரப் போக்குவரத்துக்கும் செல்லும்.

ரயில் மைன் நதிப் பாலத்தில் ஏறும்போது வானளாவிகள் தெரிகின்றன. ஐரோப்பிய நகரம் என்றதும் கோபுர மணியும் ஓட்டுக்கூரையும் எதிர்பார்த்தவருக்கு இது அமெரிக்கா போலத் தோன்றும். ஊராரே மன்ஹாட்டனோடு நதியின் பெயரைச் சேர்த்து ‘மைன்ஹாட்டன்’ என்று சொல்லிக்கொள்கிறார்கள். அதில் பெருமையும் கிண்டலும் சம பங்கு. நார்மன் ஃபாஸ்டர் வடிவமைத்து 1997-இல் முடிந்த காமர்ஸ்பாங்க் கோபுரம் 259 மீட்டர். அதற்கு முன் ஐரோப்பாவின் உயரமான கட்டடமாக இருந்ததும் இங்கேதான் உள்ளது: 257 மீட்டர் உயரமுள்ள, பென்சில் முனை போன்ற மெஸ்ஸேடூர்ம். டாய்ச்ச பாங்கின் இரட்டைக் கோபுரங்களுக்கு மக்கள் வைத்த பெயர் ‘பற்று, வரவு’. கணக்குப் புத்தகத்திலிருந்து செல்லப் பெயர் எடுக்கும் ஊர் இது.

தலைமை ரயில் நிலையம் 1888-இல் திறக்கப்பட்டது. முகப்பின் உச்சியில் அட்லஸ் உலகைத் தோளில் சுமந்து நிற்கிறான். பாதைகள் இங்கே முடிந்துவிடுவதால், வந்த ரயில் வந்த வழியே திரும்ப வேண்டும். வெளியே வந்து நேராகத் தெரியும் கைசர் தெருவுக்குள் நுழைந்தவர் பலர் அதிர்ந்துபோகிறார்கள். வங்கிக் கோபுரங்களின் நிழலிலேயே, சூட்கேஸ் உருட்டி வரும் வணிகர்களின் கண்ணெதிரே, போதைக்கு அடிமையானவர்கள் நடைபாதையில் சுருண்டு கிடக்கிறார்கள்; அடுத்த தெருக்களில் விபச்சார விடுதிகள் சட்டப்படி இயங்குகின்றன. இதை நகரம் மறைப்பதில்லை. 1990-களின் தொடக்கத்தில், போதைப் பழக்கத்தைக் காவல்துறையின் கையில் மட்டும் விடாமல் மருத்துவச் சிக்கலாகவும் அணுகுவது என முடிவு செய்து, கண்காணிப்பில், சுத்தமான ஊசியோடு பயன்படுத்தும் அறைகளை 1994 முதல் திறந்தது. உயிரிழப்பு குறைந்தது, காட்சி மாறவில்லை. பக்கத்து மியூனிக் தெருவிலோ துருக்கி உணவகங்கள், இந்திய, பாகிஸ்தான் மளிகைக் கடைகள், பள்ளிவாசல்கள் என வேறோர் உலகம் பரபரக்கிறது. நகர மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் வெளிநாட்டு வேர் கொண்டவர்கள் என்பதற்கு இந்தத் தெருவை விடச் சான்று வேண்டாம். ஜெர்மனி என்றால் ஒழுங்கு என்று மட்டும் கேட்டு வந்தவர், இந்த நூறு மீட்டர் நடையில் அந்தச் சொல்லை மறுபடி யோசிக்க வேண்டியிருக்கும்.

நிலையத்திலிருந்து இருபது நிமிட நடையில் ‘மெஸ்ஸே’, அதாவது கண்காட்சித் திடல். வாயிலில் 21 மீட்டர் உயரமுள்ள கறுப்பு உலோக மனிதன் ஒருவன் ஓசையில்லாமல் சுத்தியலை உயர்த்தி இறக்கிக்கொண்டிருக்கிறான். ஜொனாதன் போரோஃப்ஸ்கி என்ற அமெரிக்கச் சிற்பியின் படைப்பு. உள்ளே நகர்நடை பாதைகளும் கூடங்களும் ஒன்றோடொன்று பிணைந்து ஒரு சிறு நகரமாகவே விரிகின்றன. ‘4.2’ என்றால் நான்காம் கூடத்தின் இரண்டாம் தளம். அதன்பின் வரும் எழுத்தும் எண்ணும் சந்தும் ஸ்டாலும். இந்த முறை பிடிபட்டுவிட்டால் யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை. ஹைம்டெக்ஸ்டிலில் சுமார் 3,000 நிறுவனங்கள் ஸ்டால் போடுகின்றன. இந்தியாவிலிருந்து வருவோர் பெருங்கூட்டம். கரூர், பானிப்பட், மும்பை என்று மொழிகள் கலந்து கேட்கும். புதியவரை அசத்துவது அளவு. பழகியவரை உறுத்துவது வேறொன்று: எந்தக் கூடம், எந்த மூலை என்பதுதான் நான்கு நாள் வியாபாரத்தைப் பாதி தீர்மானிக்கிறது. நடைபாதையின் ஓரத்து ஸ்டாலுக்கும் உட்சந்து ஸ்டாலுக்கும் இடையில் உள்ள தூரம் சில மீட்டர்தான்; பையர் எனப்படும் வாங்குபவரின் கால் வலிக்கத் தொடங்குவது அந்தச் சில மீட்டரில்தான்.

இந்தச் சந்தை நகருக்குப் பின்னால் வந்ததல்ல. நகரே சந்தையால் வளர்ந்தது. 1240 ஜூலை 11-ஆம் நாள், இத்தாலியில் முற்றுகைப் பாசறையில் இருந்த பேரரசர் இரண்டாம் ஃப்ரெடெரிக் ஒரு கடிதம் வெளியிட்டார். ஃபிராங்க்ஃபர்ட் சந்தைக்குப் போகிற, அங்கிருந்து திரும்புகிற வணிகர்கள் யாவரும் பேரரசின் காவலில் இருப்பவர்கள் என்பது அதன் சாரம். வழிப்பறிக்குப் பயந்து சரக்கு நகராத காலத்தில் இதைவிடப் பெரிய முதலீடு ஓர் ஊருக்குக் கிடைத்திருக்க முடியாது. 1330-இல் ஆண்டுக்கு இரண்டாவது சந்தைக்கும் அனுமதி கிடைத்தது. பல நாட்டு நாணயங்கள் குவிந்து ஏமாற்று மலிந்தபோது, 1585-இல் வணிகர்கள் கூடி நாணய மாற்று விலைகளைத் தங்களுக்குள் நிர்ணயித்துக்கொண்டார்கள். இன்றைய பங்குச் சந்தையின் பிறப்பு அதுதான். துணிச் சந்தையிலிருந்து பணச் சந்தை, பணச் சந்தையிலிருந்து வங்கி என்று ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்திருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் போட்டியாளரான லைப்சிக் நகரம் சோவியத் பகுதிக்குள் போனது; பெர்லினும் துண்டுபட்டது. மேற்கு ஜெர்மனியின் மைய வங்கிக்கு முன்னோடியான அமைப்பு 1948-இல் இங்கே நிறுவப்பட்டது. தலைநகராகவும் ஆகியிருக்கும், 1949-இல் நாடாளுமன்ற வாக்கெடுப்பில் 200-க்கு 176 என்ற கணக்கில் பான் நகரிடம் தோற்றது. அரசியலை இழந்த ஊர் பணத்தைப் பிடித்துக்கொண்டது. நகரின் கிழக்கே 185 மீட்டர் உயரத்தில் நிற்கும் ஐரோப்பிய மைய வங்கியின் தலைமையகம் அந்தக் கதையின் கடைசிக் கட்டடம்.

ஸ்டாலில் நடக்கும் பேச்சுக்குத் தனி இலக்கணம் உண்டு. ஜெர்மன் பையர் பத்து மணி என்றால் ஒன்பது ஐம்பத்தெட்டுக்கு வந்து நிற்பார். கை குலுக்கிக் குடும்பப் பெயரைச் சொல்வார். ‘திரு’ அல்லது ‘திருமதி’ போட்டுக் குடும்பப் பெயரால்தான் அவரையும் அழைக்க வேண்டும். ஜெர்மனில் ‘ஸீ’ என்றும் ‘டூ’ என்றும் இருவகை முன்னிலை உண்டு. தமிழருக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை, நீங்கள், நீ. ‘நீ’க்கு இறங்குவது வயதிலோ பதவியிலோ மூத்தவர் முன்வந்து தரவேண்டிய உரிமை என்பதும் தெரிந்த கதைதான். தெரியாத கதை அடுத்தது. பிள்ளைகள் நலமா, பயணம் எப்படி என்ற பேச்சுக்கு இடமில்லாமல், துணியின் எடை என்ன, குறைந்தபட்ச ஆர்டர் எவ்வளவு, எத்தனை வாரத்தில் கப்பலேறும் என்று நேராகக் கேட்பார். பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்பார். அதில் கோபம் இல்லை, அது தகவல். மறுபக்கம், “பார்த்துக்கலாம் சார்” என்ற பொருளில் தலையை ஆட்டினால் அதை அவர் ஒப்புதலாகக் குறித்துக்கொள்வார். தேதி தவறும்போதுதான் அந்தத் தலையாட்டலின் விலை தெரியும்.

விலை பேசுவதற்கு முன் காகிதம் பேசவேண்டும் என்ற பாடத்தைக் கரூரும் திருப்பூரும் இந்த நாட்டிடம்தான் முதலில் படித்தன. சிலவகை அசோ சாயங்கள் புற்றுநோய் விளைவிக்கும் அமீன்களை வெளியிடக்கூடும் என்பதால், அவற்றைக் கொண்டு சாயமேற்றிய துணிகளுக்கு ஜெர்மனி 1994-இல் தடையை அறிவித்து 1996-இல் நடைமுறைப்படுத்தியது. சாயப்பட்டறைகள் தொழில்முறையையே மாற்ற நேர்ந்தது. 1997-இல் இந்தியாவும் அச்சாயங்களைத் தடை செய்தது. வாங்குபவரின் தோலைக் காத்த சட்டம் அது. துணியில் தங்கிய சாயத்தைச் சோதித்ததே தவிர, அமராவதி, நொய்யல் ஆறுகளில் கலந்த சாயத்தைப் பற்றி அது கேட்கவில்லை. 2023-இல் நடைமுறைக்கு வந்த விநியோகச் சங்கிலிச் சட்டம்தான், பெரிய ஜெர்மன் நிறுவனங்கள் தமக்குச் சரக்கு தரும் ஆலைகளின் தொழிலாளர் நிலையையும் சில சுற்றுச்சூழல் கேடுகளையும் விசாரிக்க வேண்டும் என்றது. இன்று ஸ்டாலுக்கு வருகிறவர்கள் துணியைத் தொட்டுப் பார்க்கும் முன்பே சான்றிதழைக் கேட்பதற்குப் பின்னால் இந்த முப்பது ஆண்டு வரலாறு இருக்கிறது.

தங்குமிடம் இந்த நகரின் மிகக் கசப்பான முதல் அனுபவம். கண்காட்சி நாள்களில் அறை வாடகை பல மடங்கு ஏறும். முந்தைய ஆண்டே பதிவு செய்யாதவர்கள் மைன்ஸிலோ டார்ம்ஷ்டாட்டிலோ தங்கி ரயிலில் வந்துபோகிறார்கள். உண்மையில் அது மோசமான ஏற்பாடு அல்ல. அறையில் குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம். கடையில் தண்ணீர் வாங்கினால் கவனம் வேண்டும், பெரும்பாலான பாட்டில்கள் சோடா. ஒருமுறை பயன்படுத்தும் பாட்டிலுக்கு 25 சென்ட் முன்பணம் சேர்த்து வாங்குகிறார்கள். காலிப் பாட்டிலைக் கடையிலுள்ள எந்திரத்தில் போட்டால் பணம் திரும்பும். குப்பைத் தொட்டியைத் துழாவும் முதியவர்கள் தேடுவது இந்த 25 சென்ட்டைத்தான். வங்கிகளின் தலைநகரில் பல உணவகங்கள் அட்டையை ஏற்காமல் நோட்டு கேட்பதும் புதியவர் எதிர்பாராதது.

உணவுக்கு ஆற்றின் தென்கரையில் ஸாக்ஸன்ஹௌஸன் பகுதி. அங்கே ‘எப்பல்வோய்’ எனப்படும் ஆப்பிள் மது, நீலக் கோலமிட்ட சாம்பல்நிறச் சாடியில் வரும்; ஊற்றிக் குடிப்பது வைரக்கட்டம் வெட்டிய கண்ணாடிக் குவளையில். கொழுப்புப் பிசுக்குள்ள விரலிலிருந்து வழுக்காதிருக்கவே அந்தக் கட்டங்கள் என்பார்கள். முதல் வாய் புளித்த மோரைக் குடித்தாற்போல முகத்தைச் சுளிக்க வைக்கும்; இரண்டாவது குவளையில் பழகும். சைவ உணவுக்காரர்களுக்கு ஒரு நற்செய்தி: ஏழு பச்சிலைகளை நறுக்கித் தயிரிலோ புளித்த பாலேட்டிலோ கலந்த ‘பச்சைக் குழம்பு’, வேகவைத்த உருளைக்கிழங்குடன். முட்டை வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட வேண்டும். நீண்ட மர பெஞ்சுகளில் முன்பின் தெரியாதவர்கள் தோளோடு தோள் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். பகலில் முகம் கொடுத்துப் பேசாத ஊர் இங்கேதான் வாய் திறக்கிறது.

வட கரையில் ரோமர்பெர்க் சதுக்கம். 1405 முதல் நகர மன்றமாக இருக்கும் ரோமர் கட்டடத்தின் படிக்கட்டு முகப்புகளையும் எதிரே மரச்சட்ட வீடுகளையும் பார்த்து, ஒருவழியாகப் பழைய ஐரோப்பா கிடைத்துவிட்டது என்று படமெடுக்கத் தொடங்குவார்கள். கிடைத்தது பழையதல்ல. 1944 மார்ச் குண்டுவீச்சில் பழைய நகரம் எரிந்து தீர்ந்தது. கவிஞர் கதே 1749-இல் பிறந்த வீடும் அதில் போய், 1951-இல் திரும்பக் கட்டப்பட்டது. சதுக்கத்துக்கும் பேராலயத்துக்கும் நடுவே 1970-களில் எழுந்த கான்கிரீட் அலுவலகத்தை இடித்து, 2012 முதல் 2018 வரை 35 வீடுகளைக் கட்டினார்கள். அவற்றில் 15 பழைய வீடுகளின் அச்சுப் பிரதி. ஆக, நகரில் மிகப் பழையதாகத் தெரியும் தெரு பல வானளாவிகளை விட இளையது. இது பொய்யா, நினைவா என்று ஊரே பல ஆண்டு வாதாடியது. கல்லும் மரமும் செய்நேர்த்தியோடு இருக்கின்றன. ஆனால் வீடுகளில் வாழ்ந்து தேய்ந்த தடம் இன்னும் விழவில்லை.

முதல் வருகையில் பெரும்பாலோர் தவறவிடுவது அங்கிருந்து பத்து நிமிட நடையில் இருக்கிறது. பேரரசரின் காவல் எல்லோருக்கும் ஒரேமாதிரி இருந்ததில்லை. 1462-இல் நகரின் யூதர்கள் சுவருக்குள் ஒரே சந்தில் அடைக்கப்பட்டார்கள். ராத்ஸ்சைல்ட் வங்கிக் குடும்பத்தைத் தொடங்கிய மாயர் அம்ஷெல் 1744-இல் பிறந்தது அந்தச் சந்தில்தான். 1938 நவம்பரில் யூத ஆண்கள் வதைமுகாமுக்கு அனுப்பப்படும் முன் குவிக்கப்பட்ட இடம், மெஸ்ஸே திடலில் இன்றும் நிற்கும் குவிமாடக் கூடமான ஃபெஸ்ட்ஹாலே. 1941 முதல் யூதர்கள் அடைக்கப்பட்ட இடம் காய்கறி மொத்தச் சந்தையின் நிலவறை. ஐரோப்பிய மைய வங்கி எழுந்திருப்பது அந்தச் சந்தைக் கட்டடத்தையும் உள்ளடக்கி. பழைய யூத இடுகாட்டின் வெளிச்சுவரில், கொல்லப்பட்ட ஏறத்தாழ 12,000 பேருக்கும் பெயரும் தேதியும் பொறித்த சிறு உலோகக் கட்டைகள் வரிசையாகப் பதிக்கப்பட்டுள்ளன. வந்து போகிறவர்கள் அவற்றின் மேல் கூழாங்கற்களை வைத்துவிட்டுப் போகிறார்கள்.

கண்காட்சி வெள்ளிக்கிழமை மாலை முடிகிறது. சாம்பிள்களைக் கட்டி முடிப்பதற்குள் பக்கத்து ஸ்டாலின் பலகைகள் இறங்கியிருக்கும். சில வாரங்களில் அதே கூடங்களில் பாத்திரக்காரர்களும் பரிசுப்பொருள்காரர்களும் ‘ஆம்பியன்டே’ கண்காட்சிக்கு வந்துவிடுவார்கள். சனிக்கிழமையை உறங்கிக் கழித்தவர், ஞாயிறு காலை வீட்டுக்கு ஏதேனும் வாங்கலாம் என்று ட்ஸைல் கடைத்தெருவுக்குப் போனால் கண்ணாடிக்குப் பின்னால் பொருள் இருக்கும், கதவு பூட்டியிருக்கும். ஞாயிறு ஓய்வு ஜெர்மன் அரசியல் சாசனத்தின் காப்பு பெற்றது. விற்பனையாளருக்கும் அது ஓய்வு நாள். திறந்திருப்பவை ரொட்டிக் கடை, பெட்ரோல் பங்க், ரயில் நிலையம், விமான நிலையம். எனவே கரூருக்குப் போகிற சாக்லேட்டில் ஒரு பங்கு விமான நிலையக் கடையில், விமான நிலைய விலைக்கு வாங்கப்பட்டதாகவே இருக்கும்.